ஏக்கருக்கு ஆயிரம் தேக்கு என்னும் பொய்க்கணக்கு

ஏக்கருக்கு ஆயிரம் தேக்கு நடுங்கள், இடையில் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள், பன்னிரண்டாம் வருஷம் இரண்டு கோடி கையில் நிற்கும் என்று சொல்லும் கட்டுரை ஒன்று விவசாயிகளிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் மரம், மரம் இருபதாயிரம், பெருக்கினால் இரண்டு கோடி. கட்டுரையின் அஸ்திவாரம் இந்த ஒற்றைப் பெருக்கல்தான். மற்றதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்க வந்தவை. நெருக்கி நட்டால் மரம் நேராக உயரும், பக்கக்கிளை வராது, கவாத்துச் செலவு மிச்சம் என்பது ஒரு முட்டு. மெதுவாக வளர்ந்த மரமே கெட்டி மரம், ஆகவே நெருக்கம் தரத்தைக் கூட்டும் என்பது இன்னொன்று. வனத்துறையே ஆறடிக்கு ஆறடிதான் நட்டது, நிலம்பூரைப் பாருங்கள் என்பது மூன்றாவது. மரத்தைக் கலைக்க, அதாவது இடையில் சிலவற்றை வெட்டி எடுக்கச் சொல்கிறவர்கள் விவசாயியின் வருமானத்தில் கைவைக்கிறவர்கள் என்ற வசை நான்காவது.

இவை அப்பட்டமான பொய்களாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசியைக் காட்டித்தான் மிச்ச முக்காலையும் தலையில் கட்டுகிறார் கட்டுரையாளர். நெல்லில் கணக்குத் தப்பினால் அடுத்த போகத்தில் சரிசெய்துகொள்ளலாம். மரத்தில் தப்பினால் பன்னிரண்டு வருஷம் கழித்து மரவாடிக்காரர் வந்து நூல் பிடிக்கும்போதுதான் தெரியும். ஐம்பது வயதில் நட்டவருக்கு அப்போது அறுபத்திரண்டு. இன்னொரு முறை நட்டுப் பார்க்க அவருக்குக் காலம் கிடையாது. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு மென்மையாகப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தப் பெருக்கல். ஆயிரத்தை இருபதாயிரத்தால் பெருக்கும்போது, எத்தனை மரம் நின்றாலும் ஒவ்வொன்றும் ஒரே பருமனுக்கு வந்துவிடும் என்று கட்டுரையாளர் எடுத்துக்கொள்கிறார். நெருக்கி நட்டுக் கலைக்காமல் விட்ட தோப்பு ஒன்றுக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டார். ஒரு ஏக்கரில் விழும் வெயில் இவ்வளவுதான், இறங்கும் மழை இவ்வளவுதான். தலைகள் ஒன்றையொன்று தொட்டு நிலத்தை மூடும்வரை ஒவ்வொரு கன்றும் தன் போக்கில் வளர்கிறது. மூடியபிறகு, அந்த ஏக்கர் தரக்கூடிய மொத்த வளர்ச்சியை நிற்கிற அத்தனை மரமும் பங்குபோட வேண்டியதுதான். ஏக்கருக்கு ஆயிரம் என்றால் மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஆறரை அடி. நல்ல மண்ணில் தண்ணீர் விட்டு வளர்த்தால் சில வருஷங்களிலேயே தலை கூடிவிடும். தேக்கு நிழலைத் தாங்காத மரம். தலைக்கு மேலே திறந்த வானம் வேண்டும் அதற்கு. தலை கூடிய நாளிலிருந்து வெட்டும் நாள்வரை ஆயிரமும் அரைவயிற்றோடுதான் நிற்கும்.

இதை எண்ணிலேயே காட்டலாம். நெஞ்சுயரத்தில் எல்லா மரத்தையும் குறுக்கே அறுத்து, வெட்டுமுகங்களின் பரப்பை எல்லாம் கூட்டினால் ஏக்கருக்கு 100 சதுர அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வந்த தேக்குத் தோப்புக்கு அது நியாயமான அளவு. அந்த 100 சதுர அடியை 1000 மரத்துக்குப் பங்கிட்டால் ஒரு மரத்தின் சுற்றளவு பதிமூன்றரை இஞ்ச். 250 மரத்துக்குப் பங்கிட்டால் 27 இஞ்ச். 100 மரத்துக்கு என்றால் 42 இஞ்சுக்கு மேல். நிலம் ஒன்று, வளர்ச்சி ஒன்று. முதல் ஏக்கரில் விற்கக் கிடைப்பது பந்தல் கால். கடைசி ஏக்கரில் கிடைப்பது தடிமரம். நூறு மரத்துக்கு அந்தப் பருமன் பன்னிரண்டு வருஷத்தில் வந்துவிடாது, இன்னும் பல வருஷம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பருமன் ஒருநாள் வரும். கலைக்காத ஆயிரத்துக்கு அது எந்த நாளும் வராது.

மரவாடியில் எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் எங்குமே சொல்லவில்லை. விவசாயிக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயமே அதுதான். தடியின் நடுவில் நூலைச் சுற்றி எடுத்து, அந்த நூலை நாலாக மடிக்கிறார்கள். மடித்த நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, தடியின் நீளத்தாலும் பெருக்கிக் கனஅடி போடுகிறார்கள். 24 இஞ்ச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் இரண்டரை கனஅடி. 48 இஞ்ச் சுற்றளவுள்ள அதே நீளத் தடி 10 கனஅடி. சுற்றளவு இரட்டித்தால் மரம் நாலு மடங்கு. அதோடும் நிற்பதில்லை. டிப்போக்களில் தேக்குத் தடியைச் சுற்றளவைப் பார்த்துத்தான் வகுப்புப் பிரிக்கிறார்கள். வகுப்பு ஏற ஏறக் கனஅடியின் விலையே ஏறும். குறைந்தபட்சச் சுற்றளவுக்குக் கீழே இருப்பது தடி என்ற கணக்கிலேயே வராது, கம்புக் கணக்கில் போய்விடும். மரத்துக்கு இருபதாயிரம் என்று ஒரே விலை போடுகிறவர், எந்தச் சுற்றளவுக்கு, எத்தனை அடி நீளத்துக்கு அந்த விலை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பெருக்கல் உடைந்துவிடும்.

இந்தப் பெருக்கல் புதிதும் அல்ல. 1990களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் நாடு முழுக்கப் பணம் திரட்டியது இதே வாய்ப்பாட்டை வைத்துத்தான். ஒரு கன்றுக்கு இவ்வளவு கட்டுங்கள், இருபது வருஷத்தில் இத்தனை லட்சம் என்றார்கள். எத்தனை குடும்பங்களின் சேமிப்பு அதில் போயிற்று என்பது அந்தக் காலத்தில் பத்திரிகை படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசியில் 1999-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குத் தனி விதிமுறை கொண்டுவர வேண்டியதாயிற்று. அன்று போனது நகரத்து மாதச் சம்பளக்காரரின் பணம். இன்று அதே வாய்ப்பாட்டை நிலம் வைத்திருப்பவரிடம் நீட்டுகிறார்கள். இந்தமுறை போகப்போவது நிலமும் தண்ணீரும் உழைப்பும்.

நெருக்கத்தின் விளைவு என்ன என்பது யாருடைய அபிப்பிராயத்துக்கும் காத்திருக்கும் கேள்வி அல்ல. தென்னாப்பிரிக்காவில் ஓகானர் என்ற வனவியலாளர் 1930களில் தொடங்கிவைத்த சோதனைகள் இதற்காகவே போடப்பட்டவை. எல்லாப் பாத்தியிலும் ஒரே நெருக்கத்தில் நட்டார்கள். பிறகு போட்டி தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பாத்தியையும் ஒவ்வோர் எண்ணிக்கைக்குக் கலைத்தார்கள். ஹெக்டேருக்கு 2,965 மரத்தில் தொடங்கி, 1,483, 988 என்று இறங்கி 124 வரை. 2,965 என்பது நம் கணக்கில் ஏக்கருக்கு 1,200. நம் கட்டுரையாளர் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்து எண். பைன் வகைகளிலும் யூகலிப்டஸிலும் பல பத்தாண்டுகள் அளந்தார்கள். மரம் குறையக் குறைய ஒவ்வொன்றின் பருமனும் கூடிற்று. மொத்தக் கனஅளவு நெருக்கமான பாத்தியில்தான் அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மெலிந்த மரங்களில் சிதறிக் கிடந்தது. மிக அகலமான பாத்திகளில் கிளைகள் தடித்தன. ஆக, எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம் இது. கட்டுரையாளர் ஒரு பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டு மறுபக்கத்தைப் படித்துக் காட்டுகிறார்.

இவ்வளவு பெரிய சோதனைக்கு இடமில்லை என்றால் கால் ஏக்கரிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நெல்டர் என்ற புள்ளியியலாளர் 1962-ல் வகுத்துக் கொடுத்த வட்ட நடவு. சக்கரத்தின் ஆரங்கள்போல வரிசைகளை மையத்திலிருந்து வெளியே ஓட்ட வேண்டும். மையத்தில் கன்றுகள் நெருங்கி நிற்கும். வெளியே போகப் போக இடைவெளி அகன்றுகொண்டே போகும். சில வருஷம் கழித்து மையத்திலிருந்து விளிம்புக்கு நடந்தால், ஒரே மண்ணில், ஒரே நாளில் நட்ட மரங்கள் காலடிக்குக் காலடி பருத்துக்கொண்டே போவதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். உயரத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மண்ணும் தண்ணீரும். நெருக்கத்தில் நிற்கும் மரம் உயர்ந்து தெரிவதற்குக் காரணம் அது ஒல்லியாக இருப்பது. நெருக்கினால் உயரும் என்று கட்டுரையாளர் எழுதியது இந்தக் கண்மயக்கத்தை நம்பித்தான். அவர் தன் நிலத்தில் கால் ஏக்கர் இப்படி நடட்டும். ஐந்து வருஷம் கழித்து அங்கே நின்றுகொண்டு தன் கட்டுரையைத் தானே படித்துப் பார்க்கட்டும்.

அடுத்தது தரம். இங்கேதான் கட்டுரையாளர் செய்யும் கெடுதல் அதிகம். மெதுவாக வளர்ந்த மரம் கெட்டி, வேகமாக வளர்ந்த மரம் பொத்தல் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை ஆராயாமல் எடுத்து, விஞ்ஞானம் என்று முத்திரை குத்தி, தேக்கின் மேல் ஒட்டிவிட்டார். அந்தப் பேச்சு பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பெருமளவு பொருந்தும். அவற்றில் பருவத் தொடக்கத்தில் உருவாகும் பகுதி லேசானது, பருவக் கடைசியில் உருவாவது கனமானது. இளமையில் வேகமாகப் பருத்தால் லேசான பகுதி கூடும். நடுவில் இளமரம், அதாவது இளவயதில் உருவான கட்டை, பெரிதாகிப் பலகை வலுவிழக்கும். குளிர்நாடுகளில் பைனை நெருக்கி நடுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

தேக்கின் உள்ளமைப்பு வேறு. புதிதாக அறுத்த தேக்குத் தடியின் முகத்தைக் கூரான உளியால் ஓரிடத்தில் சீவி, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கண்ணாடிகூட வேண்டாம். ஒவ்வொரு வருஷ வளையமும் பெரிய பெரிய துளைகள் அடுக்கிய ஒரு கோட்டோடு தொடங்குவது தெரியும். இலையுதிர்த்து நின்ற மரம் மீண்டும் தளிர்க்கும்போது தண்ணீர் மேலேற வேண்டும். அதற்காக முதலில் போடும் குழாய்கள் அவை. அதற்கு வெளியே, மழைக்காலம் முழுவதும் மரம் சேர்த்துக்கொண்டே போவது துளை குறைந்த, நார் நெருங்கிய கட்டை. வலு இருப்பது இந்த இரண்டாம் பகுதியில். துளைக்கோட்டின் அகலம் நல்ல வருஷமானாலும் கெட்ட வருஷமானாலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது நார்ப்பகுதியின் அகலம். ஆகவே வளையம் ஒடுங்கினால் என்ன ஆகும்? துளைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வந்துவிடும். நடுவில் இருக்க வேண்டிய கெட்டியான பகுதி காணாமல் போகும். பட்டினிபோட்டு வளர்த்த தேக்கு லேசாகவும் நொறுங்கும் தன்மையோடும் வருவது இதனால்தான். ஓக், ஆஷ் மரங்களில் வேலை செய்யும் ஐரோப்பியத் தச்சர்கள் இதை வெகுகாலமாக அறிவார்கள். ஒடுங்கிய வளையமுள்ள ஆஷை யாரும் சுத்தியல் பிடிக்குத் தேர்ந்தெடுப்பதில்லை.

கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எம். பட் தேக்கின் தரத்தைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வேகமாக வளர்ந்தது என்ற ஒரே காரணத்தால் தேக்கின் அடர்த்தியோ வலுவோ குறைந்துவிடுவதில்லை என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. நம் பக்கத்து மாநிலத்தில், நாம் நடும் அதே மரத்தில் நடந்த வேலை அது. அதைப் பார்க்காமல் பைன் மரத்தின் விதியை எடுத்துத் தேக்குக்குச் சொல்கிறவர், விவசாயிக்கு ஆலோசனை சொல்லும் தகுதியை அந்த இடத்திலேயே இழந்துவிடுகிறார்.

இன்னொன்றையும் அவர் மறைக்கிறார். அகல நட்டாலும் சரி, நெருக்கி நட்டாலும் சரி, பன்னிரண்டு வயதுத் தேக்கில் இருப்பது பெரும்பாலும் இளமரம்தான். தேக்கு முதிர்ந்த கட்டையைப் போடத் தொடங்குவதற்கே பதினைந்து இருபது வருஷம் ஆகும். பழைய வீட்டுத் தூண்களையும் உத்தரங்களையும் படம்பிடித்துப் போட்டு, பன்னிரண்டு வருஷத்தில் இது உங்கள் தோட்டத்தில் என்று எழுதுவது நேர்மையான காரியம் அல்ல.

வைரத்துக்கு வருவோம். தேக்கை வாங்குகிறவர் வாங்குவது நடுக்கட்டையான வைரத்தை. சுற்றியிருக்கும் வெள்ளையைக் கரையானும் வண்டும் விடாது. சாமில்லில் தடி மேடை ஏறியதும் தச்சர் முதலில் பார்ப்பது முகத்தில் தெரியும் அந்த நிற வட்டத்தைத்தான். 24 இஞ்ச் சுற்றளவுத் தடியின் குறுக்களவு ஏழரை இஞ்சுக்குச் சற்று மேல். சுற்றிலும் ஒன்றரை இஞ்ச் வெள்ளை என்று வைத்துக்கொண்டால் உள்ளே வைரம் 4.6 இஞ்ச். வெட்டுமுகத்தில் அது 37 சதவீதம். இதில் ஐந்துக்கு மூன்று நிலைச்சட்டம் ஒன்றுகூட முழு வைரமாக எடுக்க முடியாது; ஐந்துக்கு மூன்றின் மூலைக்கு மூலை அளவே 5.8 இஞ்ச். நாலு மூலையிலும் வெள்ளை நிற்கும். நட்டநடுவில் மரத்தின் குருத்து வேறு மாட்டிக்கொள்ளும். காயும்போது அந்தக் குருத்திலிருந்துதான் சட்டம் வெடிக்கும், முறுக்கும்.

48 இஞ்ச் தடிக்கு அதே ஒன்றரை இஞ்ச் வெள்ளையைக் கழித்தால் வைரம் 12 இஞ்சுக்கு மேல்; வெட்டுமுகத்தில் 65 சதவீதம். ஐந்துக்கு மூன்று சட்டம் நாலு, முழு வைரமாக, குருத்தைச் சட்டங்களின் மூலையில் ஒதுக்கி எடுக்கலாம். பக்கத்தில் பலகையும் கிடைக்கும். கனஅடியில் நாலு மடங்காக இருந்த வித்தியாசம் வைரத்தில் ஏழு மடங்காகிவிடுகிறது. நல்ல தலையோடு வளர்ந்த மரத்தில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், இலைக்குத் தண்ணீர் போவது வெள்ளையின் வழியாக. பெரிய தடிக்கு வெள்ளை இரண்டு இஞ்ச் என்றே வைத்துக்கொண்டாலும் வைரம் பாதிக்கு மேல் நிற்கிறது. ஆயிரம் கம்பு நிறுத்தியிருப்பவர் தன் தோப்பில் எத்தனை நிலைச்சட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிளை விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் சொல்வதில் பாதி சரி. நெருக்கத்தில் கீழ்க்கிளைகள் நிழலில் செத்துப்போகும், தண்டு நேராகப் போகும். ஆரம்ப வருஷங்களில் அந்த நெருக்கம் நல்லதே. ஆனால் செத்த கிளை உடனே விழுந்துவிடுவதில்லை. மரம் அதைச் சுற்றிப் பருத்து, தனக்குள் புதைத்துக்கொள்ளும். பச்சையாக இருந்த கிளை பலகையில் இறுகிய கணுவாகத் தெரியும். செத்த கிளையின் கணு சுற்றிலும் ஒட்டாமல் நிற்கும், பலகை காய்ந்ததும் கழன்று ஓட்டை விழும். இதைத் தடுக்க ஒரே வழி, கிளை பெருவிரல் பருமனைத் தாண்டுவதற்குள் தண்டோடு ஒட்டி, பட்டை கிழியாமல், கவாத்து ரம்பத்தால் எடுப்பது. பத்துப் பதினைந்து அடிவரை எடுத்தால் போதும், காசு அந்த அடித்தடியில்தான் இருக்கிறது. நெருக்கி நட்டால் கவாத்துச் செலவு மிச்சம் என்பவர், அந்த மிச்சத்தைப் போலப் பல மடங்கு பலகையில் போகும் என்பதைச் சொல்ல வேண்டும்.

நிலம்பூர். இந்தப் பெயரைக் கட்டுரையாளர் எடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டியது. மலபார் கலெக்டர் கானலி 1840களில், சாத்து மேனனின் உழைப்பில் உருவாக்கிய தோட்டம் அது. உலகத்தின் முதல் தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்றது. நெருக்கி நட்டார்கள், சரி. பிறகு என்ன செய்தார்கள் என்பதுதானே பாடம்? இன்றைய வழக்கப்படி ஹெக்டேருக்கு 2,500 கன்று நடும் வனத்துறை, நாலைந்து வயதில் வரிசை விட்டு வரிசையாகப் பாதியை எடுத்துவிடும். எட்டு பத்து வயதில் மறுபடி பாதி. அதன்பிறகு பன்னிரண்டு பதினைந்து வயதிலிருந்து சில தடவை, மரத்தைப் பார்த்துப் பார்த்துக் கலைப்பு. ஐம்பது அறுபது வயதில் கடைசி வெட்டுக்கு நிற்பது ஹெக்டேருக்கு நூற்றுச் சொச்சம் மரம். ஏக்கருக்கு ஐம்பது அறுபது. 1846-ல் நட்ட கானலித் தோட்டம் 2.31 ஹெக்டேர், அதாவது ஐந்தே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கட்டுரையாளரின் கணக்குப்படி அங்கே ஐயாயிரத்து எழுநூறு மரம் நிற்க வேண்டும். நிற்பது நூற்றுச் சொச்சம்தான். மக்கள் அண்ணாந்து பார்ப்பது அந்த நூற்றுச் சொச்சத்தை.

1940-ல் லாரியும் பக்ஷி சந்த் ராமும் இந்தியா, பர்மா தேக்குத் தோட்டங்களுக்கு வெளியிட்ட விளைச்சல் அட்டவணையிலும் வயது ஏற ஏற மரங்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும். வனத்துறையின் நடவை எடுத்துக்கொண்டு அதன் கலைப்பை விட்டுவிடுவது, மருத்துவர் எழுதிய சீட்டில் முதல் மருந்தை மட்டும் வாங்கிச் சாப்பிடச் சொல்வதற்குச் சமம்.

இயற்கையே பலவீனமானதைக் கொன்றுவிடும், நாம் கைவைக்க வேண்டாம் என்கிறார் கட்டுரையாளர். விதைக் கன்றில், ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள தோப்பில் அது ஓரளவு நடக்கும். அதற்குள் ஜெயித்த மரமும் மெலிந்துவிடும். இன்று விவசாயிகள் பலர் வாங்குவது திசு வளர்ப்புக் கன்றும் குளோன் கன்றும். எல்லாம் ஒரே சாயல், ஒரே வேகம். இங்கே தோற்கிறவர் யாருமில்லை. எல்லா மரமும் சேர்ந்து தேங்கிவிடும். பத்து வயதில் கஷ்டம் வரும்போது பாதியை வெட்டி விற்றுக்கொள்ளலாம் என்று வேறு ஆறுதல் சொல்கிறார். அதற்குள் ஒவ்வொரு மரத்தின் தலையும் உச்சியில் ஒரு கொத்தாகச் சுருங்கியிருக்கும். இலை இல்லாத மரம் இடம் கிடைத்ததும் பருத்துவிடாது. திடீரென்று வெயில் பட்ட தண்டில் கீழிருந்து மேல்வரை போத்துகள் வெடிக்கும். ஒவ்வொரு போத்தும் ஒரு கணு. ஒல்லியாக உயர்ந்தவை அக்கம்பக்கத்துத் துணை போனதும் காற்றில் வளையும், ஒடியும்.

நெருக்கம் எப்போதும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்தில் சவுக்கை மீட்டருக்கு மீட்டர் நடுகிறார்கள், ஏக்கருக்கு நாலாயிரம். நாலைந்து வருஷத்தில் வெட்டி டன் கணக்கில் காகித ஆலைக்கும், கம்பாகப் பந்தலுக்கும் சாரத்துக்கும் விற்கிறார்கள். அங்கே கேட்பது எடை. நேரான, அடியும் நுனியும் அதிகம் வித்தியாசப்படாத கம்பு. அதற்கு நெருக்கம்தான் சரி. மலைவேம்பைக் கூழுக்கு நடுகிறவர் நெருக்கலாம். ப்ளைவுட்டுக்கு உரிக்கக் கொடுப்பவர் அகல நட்டுக் கவாத்தும் செய்ய வேண்டும், கணு இருந்தால் உரித்த தாளில் ஓட்டை விழும். என்ன விற்கப்போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால்தான் இடைவெளி தெரியும். கட்டுரையாளரின் நடவு சவுக்கு நடவு. அவர் போடும் விலை மட்டும் தேக்குத் தடியின் விலை. அவருடைய பிழையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பதினைந்தடிக்கு மேல் அகல நட்டு, கவாத்தும் செய்யாமல் விடுகிற எதிர்முகாமுக்கும் எச்சரிக்கை வேண்டும். வரப்புத் தேக்கைப் பாருங்கள்: அடி பெருத்திருக்கும், எட்டடியிலேயே கவடு விழுந்திருக்கும், கை பருமன் கிளைகள் இருபுறமும் நிற்கும். சுற்றளவு இருந்தும் பலகைக்கு ஆகாது. கலைக்க மனமோ ஆளோ இல்லாதவர் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் நட்டு, முதல் சில வருஷம் கவாத்தைத் தவறவிடாமல் செய்வதே நல்லது. அவரும் பின்னால் ஒருமுறையாவது கலைக்கத்தான் வேண்டும்.

கலைக்கச் சொல்பவன் விவசாயியின் வருமானத்தில் கைவைக்கிறான் என்ற வசைக்கு நீளமான பதில் தேவையில்லை. வெட்டிய கம்பு சும்மா போவதில்லை. முதல் கலைப்பில் வருவது பெரும்பாலும் வேலிக்கும் விறகுக்கும் போகும், இரண்டாவதில் வருவது பந்தலுக்கும் கொட்டகைக்கும் விலைபோகும். விட்டுவைத்த மரம் அந்த இடத்தின் வளர்ச்சியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். வருமானத்தில் கைவைப்பது, நல்ல மரத்தைப் பட்டினிபோட்டு மோசமான மரத்துக்கும் சோறு பங்கிடும் யோசனைதான்.

இந்தக் கட்டுரையை நம்பி ஏற்கெனவே ஆயிரம் நட்டுவிட்டவர்கள் பலர் இருப்பார்கள். தோப்புக்கு ஆறேழு வயது தாண்டவில்லை என்றால் இன்னும் கைமீறிவிடவில்லை. இந்தக் கோடையில் இலை உதிர்ந்ததும் உள்ளே போங்கள். தண்டு தெளிவாகத் தெரியும் காலம் அது. நேரான, கவடு விழாத, தலை நன்றாக உள்ள மரங்களுக்கு முதலில் சுண்ணாம்பு அடையாளம் போடுங்கள். வெட்டப்போவதைக் குறித்துக்கொண்டு போனால் கை தயங்கும். நிறுத்தப்போவதைக் குறிப்பதுதான் வழி. அடையாளமிட்ட ஒவ்வொன்றின் தலையிலும் உரசி நிற்கும் பக்கத்து மரத்தை எடுங்கள். வளைந்தது, வெட்டுப்பட்டது, இரட்டைத் தண்டு எல்லாம் முதலில் போகட்டும். முதல் தடவையே பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்று நான்கு வருஷம் விட்டு மறுபடி வாருங்கள். தேக்கு வெட்டிய கட்டையிலிருந்து மழை கண்டதும் கொத்தாகத் துளிர்க்கும் மரம். அந்தத் துளிரை இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் ஒடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோப்பு மறுபடியும் ஆயிரத்துக்கே வந்து நிற்கும்.